சடுகுடுக்கு சம்பளம் வந்த வருஷம்: 2014ல் கபடியில் நடந்தது என்ன?

கீழ்பென்னாத்தூர் மாதிரியான ஊர்கள்ல பொங்கல் வந்தா கபடியும் வந்துடும். மண்ணுல கோடு போட்டு, ராத்திரிக்கு லைட் கட்டி, சுத்துப்பட்டு கிராமத்து பசங்க மோதுவாங்க. ஜெயிச்சா ஒரு கோப்பை, கொஞ்சம் பரிசுப் பணம். ஆனா இந்த ஆட்டத்தை வெச்சே பிழைக்க முடியுமா? அந்தக் கேள்விக்கான பதில் மாறின வருஷம்தான் 2014.

அதுக்கு முன்னாடி நிலைமை என்ன?

1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் கபடி சேர்க்கப்பட்டது. அப்போதிலிருந்து 2014 வரை ஆண்கள் பிரிவு தங்கம் ஒவ்வொரு முறையும் இந்தியாவுக்குத்தான். ஆனாலும் கபடி வீரரின் பெரிய கனவு, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே அல்லது போலீஸ் வேலை. வேலைக்குத்தான் சம்பளம், ஆட்டத்துக்கு இல்ல.

2014ல் என்ன நடந்தது?

ஆனந்த் மஹிந்திராவும் சாரு சர்மாவும் சேர்ந்து தொடங்கிய மஷால் ஸ்போர்ட்ஸ் நிறுவனம், ஐபிஎல் பாணியில் புரோ கபடி லீக்கை கொண்டு வந்தது. வீரர்கள் ஏலம் விடப்பட்டனர். அதிகபட்சமாக ராகேஷ் குமாரை பாட்னா பைரேட்ஸ் 12.80 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது.

ஜூலை 26ம் தேதி மும்பையில் முதல் ஆட்டம். மொத்தம் 8 அணிகள். ஆகஸ்ட் 31ம் தேதி நடந்த ஃபைனலில் யு மும்பாவை 35-24 என வீழ்த்தி, ஜெய்ப்பூர் பிங்க் பேந்தர்ஸ் முதல் சாம்பியன் ஆனது.

மக்கள் ஏன் பார்த்தாங்க?

மண் தரைக்கு பதில் மேட், வெளிச்சம், பல கேமரா. ஒரு ரெய்டுக்கு 30 விநாடி, மொத்த ஆட்டமும் 40 நிமிஷம். டிவிக்கு கச்சிதமா பொருந்துச்சு. முதல் சீசனை சுமார் 43.5 கோடி பேர் பார்த்ததாக கணக்கு சொன்னது. அந்த வருஷம் ஐபிஎல்லுக்கு அடுத்த இடம் இதுக்குத்தான்.

தமிழ்நாடு எங்கே இருந்தது?

அந்த 8 அணிகளில் தமிழ்நாடு பெயரில் ஒன்றுகூட இல்லை. தமிழ்நாட்டு வீரர்கள் வெளிமாநில அணிகளுக்குத்தான் ஆட வேண்டியிருந்தது. தஞ்சாவூரைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன், 2016ல் பாட்னா அணிக்கு கேப்டனாக இருந்து கோப்பையை வென்றார். லீக் 12 அணிகளாக விரிந்த 2017ல்தான் தமிழ் தலைவாஸ் வந்தது. 2025ல் முடிந்த 12வது சீசன் வரை கோப்பை கைக்கு வரவில்லை. 2022ல் அரையிறுதி வரை போனதே பெரிய சாதனை.

பணம் எவ்வளவு ஏறியது?

2022ல் பவன் ஷெராவத்தை தமிழ் தலைவாஸ் 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 8 வருஷத்துல உச்ச விலை 17 மடங்குக்கும் மேல. ஆனா முதல் ஆட்டத்திலேயே அவருக்கு காயம். அந்த சீசன் முழுக்க ஆட முடியவில்லை.

கிராமத்து பையனுக்கு இதுல என்ன இருக்கு?

இதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். ஏலத்தில் கோடி வாங்குறவங்க சில பேர்தான். ஒப்பந்தம் சீசன் கணக்கு. முட்டி போச்சுன்னா அடுத்த ஏலத்துல பேர் வருமான்னே தெரியாது. அதனாலதான் லீக்கில் ஆடும் பல பேர் இன்னைக்கும் அரசு வேலையையும் விடாம வெச்சிருக்காங்க. ஊர் அணியிலிருந்து மாவட்டம், மாநிலம், தேசியம் என படிப்படியாத்தான் ஏற வேண்டியிருக்கு.

ஆனாலும் ஒண்ணு நிச்சயம். 'கபடி ஆடி என்னத்த சம்பாதிக்கப் போற?' என்று கேட்கும் வீட்டில், பையனுக்கு பதில் சொல்ல ஒரு வழி கிடைத்தது 2014ல்தான்.