சோப்பு அட்டையில் ஒரு கொக்கு

1880களின் அமெரிக்காவில் கடைக்குப் போய் சோப்போ நூல்கண்டோ வாங்கினால் கூடவே ஒரு வண்ண அட்டை இனாமாகக் கிடைக்கும். உள்ளங்கை அளவுதான். முன்பக்கம் படம், பின்பக்கம் விளம்பரம். பெண்களும் குழந்தைகளும் அவற்றைச் சேர்த்து ஆல்பங்களில் ஒட்டிவைத்தார்கள். இன்று அந்த ஆல்பங்களைப் புரட்டினால் விசிறி, மூங்கில், கொக்கு, பாதி மறைந்த நிலா என்று ஜப்பான் வந்துகொண்டே இருக்கிறது.

1876ல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த கண்காட்சிக்குச் சுமார் ஒரு கோடிப் பேர் போனார்கள். ஜப்பானின் பீங்கானையும் வெண்கல வேலைப்பாட்டையும் பெரும்பாலோர் முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான். 1885ல் ‘மிகாடோ’ இசைநாடகம் மேடையேறியதும் பித்து முற்றிவிட்டது.

சும்மா கிமோனோ கட்டிய பெண்ணை வரைந்ததோடு நின்றிருந்தால் இதில் பேச ஒன்றுமில்லை. படத்தின் அமைப்பே மாறியது. நட்டநடுவில் பூங்கொத்து, சுற்றிலும் சமச்சீரான சட்டம் என்பது பழைய பழக்கம். இப்போது மூலையிலிருந்து ஒரு கிளை குறுக்கே நீள்கிறது; மீதி இடம் வெறுமை. அச்சகங்கள் பொதுவான படங்களை மொத்தமாக அடித்து விற்கும், கடைக்காரர் காலியிடத்தில் தன் பெயரைப் போட்டுக்கொள்வார். ஜப்பானிய வெறுமை வியாபாரத்துக்கும் தோதாக அமைந்துவிட்டது என்றே தோன்றுகிறது.

இதைக் கலையின் வீழ்ச்சி என்று உதட்டைப் பிதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. எடோவில் உகியோ-எ அச்சுப்படமே மலிவுச் சரக்குதான். ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் விலைக்குக் கிடைத்தது. கெய்சாய் எய்சென் தன் அழகிகளின் படங்களுக்குள் ஒரு முகப்பவுடரின் பெயரை நுழைத்து விளம்பரம் செய்தவர். அதே எய்செனின் ஒரு படத்தைத்தான் வான்கா 1887ல் எண்ணெய் ஓவியமாக வரைந்தார். அங்கே ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு மரக்கட்டை, அமெரிக்க அச்சகத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். பவுடர் விற்ற கலை சோப்பு விற்கப் போனது, அவ்வளவுதானே!

நெருடுவது வேறொன்று. 1882ல் அமெரிக்கா சீனத் தொழிலாளர்கள் உள்ளே வரச் சட்டம் போட்டுத் தடுத்தது. 1886ல் வந்த ‘மேஜிக் வாஷர்’ என்ற சலவைப் பொருளின் விளம்பரப் படத்தில் அங்கிள் சாம் ஒரு சீனரை எட்டி உதைத்து விரட்டுகிறார். அதே ஆண்டுகளில்தான் மற்ற அட்டைகளில் கொக்குகள் பறந்தன. ஜப்பான் தூரத்தில் இருந்தது, விசிறியாக வந்தது. சீனர் பக்கத்துத் தெருவில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். பல வரைஞர்களுக்கு இருவருக்கும் வித்தியாசமே தெரியவில்லை. ஜப்பானியத் தோட்டத்தில் சீனச் சடைப்பின்னல் போட்டவரை நிற்கவைத்தார்கள்.

1900 வாக்கில் அட்டை மோகம் அடங்கி, விளம்பரம் பத்திரிகைகளுக்குப் போய்விட்டது. 1924ல் வந்த குடியேற்றச் சட்டம் ஜப்பானியருக்கும் கதவைச் சாத்தியது.