கம்பம் பள்ளத்தாக்குப் பெண்களின் வாய்மொழி மரபு

மார்க்கையன்கோட்டை, தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில் சின்னமனூரை அடுத்துள்ள பேரூராட்சி. நெல் விளையும் கம்பம் பள்ளத்தாக்கில் அமைந்தது. இப்பகுதிப் பெண்களுக்குப் பாட்டும் கதையும் பொழுதுபோக்கு மட்டுமல்ல. வெளிப்படையாகப் பேச முடியாததைச் சொல்லும் வழியும் ஆகும்.

நடவுப்பாட்டு

நடவு வயலில் ஒருத்தி பாட்டெடுக்க, மற்றவர்கள் பின்பாடுவர். கூலிக் குறைவும் கணவனின் குடியும் அதில் கேலியாக வெளிப்படும். பாட்டு என்பதால் அது பொறுத்துக்கொள்ளப்படும்.

ஒப்பாரி

இறந்தவரைப் பாடும் பெண், தன் வாழ்வையும் சேர்த்தே பாடுகிறாள். கைம்மைத் துயரும் பிறந்த வீட்டின் புறக்கணிப்பும் ஊரார் முன் முறையீடாகின்றன. அண்ணன் தம்பிக்கு வீடும் நிலமும், தனக்குச் சீர் மட்டும் என்பது தமிழக ஒப்பாரிகளில் பரவலாகக் கேட்கும் குறை. மணமாகாத மகள்களுக்கு மூதாதையர் சொத்தில் சமபங்கு தரும் சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் 1989-இல்தான் வந்தது. மணமானவர்களையும் சேர்த்து நாடு முழுவதற்குமான திருத்தம் 2005-இல் வந்தது.

கண்ணகி கதை

கூடலூர் அருகே தமிழக-கேரள எல்லை மலையில் மங்கலதேவி கண்ணகி கோயில் உள்ளது. சேரன் செங்குட்டுவன் எழுப்பியதாக மரபு கூறும் இக்கோயிலுக்கு ஆண்டுதோறும் சித்திரை முழுநிலவன்று பக்தர்கள் மலையேறுகின்றனர். கணவனை இழந்தவள் அரசவையில் தனித்து நின்று வழக்குரைத்து வென்ற கதை அவளுடையது. கைம்பெண்ணை மங்கல நிகழ்ச்சிகளிலிருந்து விலக்கிய சமூகமே, அவளை மங்கலதேவி என்று வணங்குகிறது.

மதிப்பீடு

ஒப்பாரி எந்தப் பெண்ணுக்கும் நிலம் பெற்றுத் தரவில்லை. கண்ணகி வழிபாடு கைம்மைக் கொடுமையை ஒழிக்கவில்லை. ஆயினும் நடந்தது அநீதி என்பதைச் சொல்லும் சொற்களை அவை தாயிடமிருந்து மகளுக்குக் கொண்டுசேர்த்தன. சட்டம் பின்னர் ஏற்ற கோரிக்கை, அப்பாடல்களில் முன்பே இருந்தது.