15 மில்லிமீட்டர் உயரத்தில் பதினோரு வருஷம்

மேக்லெவ்னு சொன்னதும் நமக்கெல்லாம் ஞாபகத்துக்கு வர்றது வேகம்தான். ஷாங்காய் ஏர்போர்ட் ரயில் ஒரு காலத்துல மணிக்கு 431 கி.மீ. வேகத்துல ஓடுச்சு. ஜப்பான்ல 2015-ல நடந்த சோதனை ஓட்டத்துல 603 கி.மீ. இன்னைக்கு நாம பேசப்போற ரயிலோட வேகம் மணிக்கு 42 கி.மீ. ரோடு காலியா இருந்தா நம்ம டவுன் பஸ்ஸே அதை ஓவர்டேக் பண்ணிடும். ஆனா வணிக ரீதியா ஓடின உலகத்தோட முதல் காந்த மிதவை ரயில் அதுதான். இங்கிலாந்துல, பர்மிங்காம்ல, 1984-லிருந்து 1995 வரைக்கும் ஓடுச்சு. 1995-ல அதை நிறுத்திட்டு, அதே வேலைக்கு பஸ் விட்டாங்க.

மிதக்கிற ரயிலை எடுத்துட்டு பஸ் விடுற அளவுக்கு அங்க என்னதான் நடந்துச்சு? அதுதான் இந்த எபிசோட்.

முதல்ல ஒரு நியாயமான சந்தேகம். மெதுவாப் போற ரயில் எதுக்கு மிதக்கணும்? ஊருக்குள்ள ஓடுற ரயிலோட தலைவலி பெரும்பாலும் சக்கரத்துலதான் இருக்கு. வளைவுல கிறீச்சுனு கத்தும், தண்டவாளம் தேயும், சக்கரம் தேயும், மழையில மேடு ஏறும்போது வழுக்கும். மேக்லெவ்ல வண்டிக்கும் பாதைக்கும் தொடர்பே கிடையாது. வண்டியை முன்னாடி இழுக்கிறது லீனியர் மோட்டார். உங்க வீட்டு சீலிங் ஃபேன் மோட்டாரை ஒரு பக்கமா வெட்டி, பாய் மாதிரி விரிச்சுப் போட்டதா நினைச்சுக்கோங்க. ஃபேன்ல சுத்துற விசை, இங்க நேர்கோட்டுல தள்ளும். சக்கரப் பிடிமானத்தை நம்பாததால மேட்டுல வழுக்குற பிரச்சினை இல்ல. ஜன்னலுக்கு ரெண்டு அடி தள்ளி ரயில் போற ஊர்கள்ல இதெல்லாம் சின்ன விஷயம் இல்ல.

இந்த மோட்டாருக்காக வாழ்நாள் முழுக்க வாதாடின ஒருத்தர் எரிக் லெய்த்வெயிட், லண்டன் இம்பீரியல் காலேஜ் பேராசிரியர். அவரோட மோட்டாரை வச்சு பிரிட்டன்ல ஒரு அதிவேக ரயில் ப்ராஜெக்ட் நடந்துச்சு. அதுல மிதக்க வச்சது காந்தம் இல்ல, காற்று. ஆர்டிவி 31-னு பேரு. கேம்பிரிட்ஜ் பக்கத்துல வயல்வெளியில டிராக் போட்டு, 1973 பிப்ரவரியில மணிக்கு 160 கி.மீ.யைத் தாண்டி ஓட்டிக் காட்டினாங்க. அதே மாசம் அரசாங்கம் ப்ராஜெக்டை மூடிடுச்சு. டெமோ சக்ஸஸ், பட்ஜெட் கட். ஐடியில இருக்கிறவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்ல.

பெரிய கனவு செத்துப்போன அதே எழுபதுகள்ல, டெர்பி ஊர்ல பிரிட்டிஷ் ரயிலோட ஆராய்ச்சிப் பிரிவு சத்தமில்லாம சின்னதா ஒண்ணு செஞ்சுக்கிட்டு இருந்துச்சு. வேகமே வேண்டாம், ஊருக்குள்ள ஓடுற மிதவை வண்டி போதும்னு ஒரு குட்டி சோதனைப் பாதையில உழைச்சாங்க.

அவங்க முன்னாடி இருந்த சவாலை நான் கொஞ்சம் நிதானமா சொல்லணும், ஏன்னா மீதிக் கதை முழுக்க இதுலதான் நிக்குது. 1842-லயே சாமுவேல் எர்ன்ஷா நிரூபிச்சுட்டார்: சாதாரண நிலைக்காந்தங்களை எப்படி அடுக்கினாலும் ஒரு பொருளை அந்தரத்துல ஆடாம நிறுத்த முடியாது. டெர்பிக்காரங்க வழி வேற. வண்டியோட கைகள் பாதையோட ஓரத்தைச் சுத்தி கீழ வளைஞ்சு போகும். அந்தக் கைகள்ல மின்காந்தம். மேல இரும்புத் தண்டவாளம். காந்தம் கீழேருந்து தண்டவாளத்தை இழுக்குது. தண்டவாளம் அசையாது, அதனால வண்டி மேல எழும்புது.

இதுல ஒரு விபரீதம் இருக்கு. இடைவெளி குறையக் குறைய ஈர்ப்பு எகிறும். இடைவெளி பாதியானா விசை ஏறக்குறைய நாலு மடங்கு. விட்டா டபக்குனு ஒட்டிக்கும். கொஞ்சம் விலகினா மொத்தமா விழுந்துடும். அதனால ஒரு சென்சார் இடைவெளியை அளந்துக்கிட்டே இருக்கணும், ஒரு சர்க்யூட் ஒவ்வொரு நொடியும் திரும்பத் திரும்ப கரண்ட்டைக் கூட்டிக் குறைக்கணும். உள்ளங்கையில துடைப்பக் குச்சியை நிமித்தி நிறுத்துவோமே, அந்த வேலை. வண்டி ஓடுற நேரம் முழுக்க, ஒரு கணம் கூட ஓய்வில்லாம. அதாவது இது வெறும் காந்த ரயில் இல்ல, எலெக்ட்ரானிக்ஸ் தாங்கிப் பிடிச்சிருக்கிற ரயில். இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

1984-ல பர்மிங்காம் ஏர்போர்ட்டுக்குப் புது டெர்மினல் வந்துச்சு. பக்கத்துலயே ரயில்வே ஸ்டேஷன். நடுவுல சுமார் 600 மீட்டர். பெட்டியோட நடக்க தூரம், ரயில் விடக் கிட்டம். டெர்பி கண்டுபிடிப்புக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. தூண்கள் மேல கான்கிரீட் பாதை போட்டு, மினிபஸ் சைஸ்ல குட்டி வண்டிகள் விட்டாங்க. டிரைவர் கிடையாது. 15 மில்லிமீட்டர் உயரத்துல மிதக்கும். ஏறி உட்கார்ந்து பையை மடியில வைக்கிறதுக்குள்ள மறுமுனை வந்துடும், ஒன்றரை நிமிஷம்தான்.

ஆரம்பத்துலயே ஒரு சங்கடம். ஃபைபர்கிளாஸ் பாடி டிசைன்ல போட்டதைவிடத் தடிமனா வந்து, வண்டியோட எடை ஏறிடுச்சு. பஸ்ஸுக்கோ சாதாரண ரயிலுக்கோ கொஞ்சம் எடை கூடினா யாருக்கும் தெரியாது. சக்கரம் எதையும் கேட்காம சுமந்துடும். இங்க ஒவ்வொரு கிலோவையும் கரண்ட் தாங்கணும். வண்டி தடியானா காந்தமும் அதை ஓட்டுற எலெக்ட்ரானிக்ஸும் எல்லையைத் தொட்டுக்கிட்டே வேலை செய்யணும்.

அப்படியும் பதினோரு வருஷம் ஓடுச்சு. அதை முடிச்சுவச்சது ஸ்பேர் பார்ட்ஸ். அந்தக் கண்ட்ரோல் சிஸ்டம் எல்லாம் எண்பதுகளோட தொடக்கத்துல உருவான எலெக்ட்ரானிக்ஸ். தொண்ணூறுகள்ல அதுல பல பாகங்கள் சந்தையிலயே இல்ல. ஒரு போர்டு போனா வண்டி நிக்கும். உலகத்துல வேற எந்த ஊர்லயும் இதே வண்டி ஓடல, அதனால அந்தப் பாகத்தைத் தொடர்ந்து தயாரிக்க யாருக்கும் காரணமும் இல்ல. சக்கரம் உடைஞ்சா பத்து ஃபேக்டரி செஞ்சு கொடுக்கும். இதுக்கு யாரு? சாஃப்ட்வேர்ல, எழுதினவரும் கம்பெனியை விட்டுப் போய், டாக்குமெண்டும் இல்லாத ஒரு லைப்ரரியை நம்பி ப்ரொடக்ஷன் ஓடும் பாருங்க, அந்த நிலைமை. கான்கிரீட் பாதைக்கு ஆயுசு ஐம்பது வருஷம். அதுமேல மிதந்த சர்க்யூட்டுக்குப் பத்து வருஷம். அந்த ரெண்டு கணக்குக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு ரயில் செத்துப்போச்சு.

2003-ல அதே பாதை மேல புது வண்டி வந்துச்சு. கயிறு கட்டி இழுக்கிற கேபிள் வண்டி. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐடியா. அது ஓடுது. பழைய மிதவை வண்டிகள்ல ஒண்ணு 2010-ல ஈபேல 100 பவுண்டுக்குப் போச்சு.

பெர்லின் கதை இதைவிடச் சின்னது, இதைவிடக் கொடுமையானது. எம்-பான்னு பேரு. 1.6 கி.மீ., மூணு ஸ்டேஷன். எடையில பெரும்பகுதியை நிலைக்காந்தம் தாங்கும், மீதியைச் சின்னச் சக்கரங்கள் தாங்கும். எர்ன்ஷாவோட மல்லுக்கட்டாம, பாதி வேலையைச் சக்கரத்துகிட்ட கொடுத்துட்டாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச டிசைன் இது. 1988 டிசம்பர்ல ஒரு சோதனை வண்டி கடைசி ஸ்டேஷன்ல நிக்காம கண்ணாடிச் சுவரை உடைச்சுக்கிட்டு வெளிய எட்டிப் பார்த்துச்சு. அதையும் சமாளிச்சு, 1989 ஆகஸ்ட் கடைசியில மக்களை ஏத்த ஆரம்பிச்சாங்க.

ஆனா அது போன இடம் சிக்கலானது. பெர்லின் சுவரால துண்டான ஒரு மெட்ரோ பாதையோட இடத்தைத்தான் அது பயன்படுத்திச்சு. அந்த மெட்ரோ இனி எதுக்குன்னு எல்லாரும் நினைச்சிருந்தாங்க. பத்தே வாரத்துல, நவம்பர் 9-ஆம் தேதி, சுவர் திறந்துடுச்சு. ரெண்டு பெர்லினையும் இணைக்கப் பழைய மெட்ரோ உடனே வேணும். 1991-ல எம்-பானை மூடிப் பிரிச்சுட்டாங்க. எந்த டெஸ்ட் கேஸ்லயும் வராத ஃபெயிலியர் அது.

இப்போ ஜப்பான். இங்க தொடங்கினது ரயில் கம்பெனி இல்ல, விமானக் கம்பெனி. டோக்கியோவுக்கு அறுபது கி.மீ.க்கு மேல தள்ளி நரிதா ஏர்போர்ட் வரப்போகுது, பயணிகளை எப்படிக் கொண்டுபோறதுன்னு ஜப்பான் ஏர்லைன்ஸ் எழுபதுகள்ல யோசிச்சுது. எச்எஸ்எஸ்டின்னு ஒரு திட்டம். ராக்கெட்டைக் கட்டித் தள்ளி, 1978-ல மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டினாங்க. நரிதாவுக்கு அந்த ரயில் வரவே இல்ல. ஆனா அவங்க அதைத் தூக்கிப் போடல. வேகத்தைக் குறைச்சாங்க. 1985 சுகுபா, 1986 வான்கூவர், 1989 யோகோஹாமா கண்காட்சிகள்ல சில நூறு மீட்டர் பாதை போட்டு மக்களை ஏத்தி இறக்கினாங்க. பொருட்காட்சி ராட்டினம் மாதிரிதான். ஆனா கூட்டம் ஏறும்போது, இறங்கும்போது காந்தம் என்ன பண்ணுதுன்னு ஒவ்வொரு தடவையும் கத்துக்கிட்டாங்க.

அப்புறம் நகோயாவுல 1991-ல சுமார் 1.5 கி.மீ. சோதனைப் பாதை. மேடு, கூர்மையான வளைவு, எல்லாம் வேணும்னே வச்சுக் கட்டினது. 1993 வாக்குல, நகரப் போக்குவரத்துக்கு இது தாங்கும்னு அரசாங்கக் குழு ஒத்துக்குச்சு. பர்மிங்காமோட ஒப்பிட்டா வித்தியாசம் இங்கதான். அங்க டெர்பியோட குட்டிப் பாதைக்கு அப்புறம் நேரா ஏர்போர்ட். கிட்டத்தட்ட ப்ரொடக்ஷன்லயே டெஸ்டிங்.

அதுக்கும் அப்புறம் பன்னிரண்டு வருஷம் காத்திருப்பு. 2005 மார்ச் 6, ஐச்சி உலகக் கண்காட்சிக்காக லினிமோ திறந்தாங்க. 8.9 கி.மீ., 9 ஸ்டேஷன், மணிக்கு 100 கி.மீ., டிரைவர் இல்ல. 100 மீட்டருக்கு 6 மீட்டர் ஏறுற மேடு பாதையில இருக்கு, மேக்லெவைத் தேர்ந்தெடுக்க அதுவும் ஒரு காரணம். மிதக்கிற உயரம் 8 மில்லிமீட்டர்.

திறந்த புதுசுல என்ன ஆச்சு தெரியுமா? மூணு பெட்டி ரயிலுக்குக் கணக்கு 244 பேர். கண்காட்சிக் கூட்டம் அதுக்கு மேல நெருக்கி ஏறுச்சு. ரயில் எழும்பல. உடைஞ்செல்லாம் போகல, சும்மா எழும்ப மறுத்துடுச்சு. சிலரை இறக்கினாத்தான் கிளம்பும். சென்னை எலெக்ட்ரிக் ட்ரெயின்ல காலை எட்டரை மணிக்குத் தொங்கிக்கிட்டுப் போயிருக்கீங்கன்னா, இந்தத் தொழில்நுட்பத்தோட எல்லை எதுன்னு நான் சொல்ல வேண்டாம். பர்மிங்காமோட அதே எடைப் பிரச்சினை, இருபது வருஷம் கழிச்சு, வேற சட்டையில.

கண்காட்சி முடிஞ்சதும் கூட்டம் கரைஞ்சுது, கடன் நின்னுது, உள்ளூர் அரசாங்கம் கைகொடுத்துத் தாங்கிப் பிடிச்சுது. 2022 நவம்பர்ல அதே பாதையில கிப்லி பார்க் திறந்தப்புறம் மறுபடி நெரிசல். டொட்டோரோ ரசிகர்கள் ஒரு மேக்லெவைக் காப்பாத்துவாங்கன்னு எந்தத் திட்ட அறிக்கையும் எழுதியிருக்காது.

2016-ல ரெண்டு நாடுகள் மூணு மாச இடைவெளியில குதிச்சாங்க. பிப்ரவரியில தென் கொரியா, இன்சியான் ஏர்போர்ட் பக்கத்துல 6.1 கி.மீ., டிக்கெட்டே இல்ல, இலவசம். அப்படியும் கூட்டம் சேரல, பராமரிப்புச் செலவு ஏறிக்கிட்டே போச்சு, 2022-ல நிறுத்திட்டாங்க. மே மாசம் சீனா, சாங்ஷாவுல ஏர்போர்ட்டுக்கும் அதிவேக ரயில் ஸ்டேஷனுக்கும் நடுவுல 18.55 கி.மீ. சீனா ஒண்ணோட நிக்கல. 2017 கடைசியில பெய்ஜிங்ல இன்னொரு லைன். ஒரு லைன் இருந்தா அது மியூசியம் பீஸ், ரெண்டு மூணு இருந்தா ஸ்பேர் பார்ட்ஸுக்கு ஒரு மார்க்கெட். கொரியாவுக்கும் பர்மிங்காமுக்கும் கிடைக்காதது அதுதான்னு நான் நினைக்கிறேன். நம்ம ஊர்ல யாராவது மேக்லெவ்னு பவர்பாயிண்ட் போட்டா, நான் வேகத்தைக் கேட்க மாட்டேன். இருபதாவது வருஷம் அந்த சென்சார் போர்டை யார் தயாரிச்சுக் கொடுப்பாங்கன்னு கேட்பேன்.

நேர்ல பார்க்கணும்னு தோணுச்சுன்னா, லண்டனுக்கு வடக்க பீட்டர்பரோல ரெயில்வேர்ல்டுன்னு ஒரு சின்ன மியூசியம் இருக்கு. 1973-ல மூடின ஆர்டிவி 31 அங்கதான் இருக்கு. பர்மிங்காம் வண்டிகள்ல ஒண்ணும் அங்க இருக்கு. பக்கத்துலயே லண்டன் - எடின்பரோ மெயின் லைன் போகுது, ரயில் ஜன்னல்லேருந்தே ஆர்டிவி 31 கண்ணுக்குத் தெரியும். இடது பக்கமா வலது பக்கமாங்கிறது நீங்க எந்தத் திசையில போறீங்கங்கிறதைப் பொறுத்தது.