‘நம்மூர் டாக்டர்’ என்னும் பெருமையும் தொட்ட கைகளின் வரலாறும்

விளையாட்டு வீரரின் கிழிந்த முழங்கால் லிகமென்ட்டைச் சரிசெய்யும் பெரிய சர்ஜன் நம்மூர்க்காரர் என்றால், புதுச்சேரியில் டீக்கடை முதல் வாட்ஸ்அப் குழு வரை பெருமைதான். அதில் தவறில்லை. ஆனால் அந்தப் பெருமைக்கு ஒரு சாதி வரலாறு உண்டு. அதையும் பேச வேண்டும்.

அறுவை மருத்துவம் நம் சமூகத்தில் நெடுங்காலம் மதிப்பான தொழிலாக இருக்கவில்லை. இரத்தம் தீட்டு, சீழ் தீட்டு, பிணம் தீட்டு. கட்டியைக் கீறுவதும் பிரசவம் பார்ப்பதும் நாவிதர் சமூகத்தின் தலையில் கட்டப்பட்டன. இன்றும் அவர்கள் தங்களை ‘மருத்துவர்’ என்றே அழைத்துக்கொள்கிறார்கள். அவர்களுடைய கைத்திறனால் பிழைத்த ஊர், அவர்களைத் திண்ணையில்கூட உட்கார விடவில்லை.

பிரெஞ்சு ஆட்சி 1823இல் புதுச்சேரியில் மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது. 1836இல் கல்கத்தாவில் மதுசூதன் குப்தா சாதிக் கட்டுப்பாட்டை மீறி மனித உடலை அறுத்துப் பாடம் படித்தார். அது துணிச்சலான செயல்தான். அவர் பெயர் வரலாற்றில் நிற்கிறது. ஆனால் பிணத்தைத் தொடுவதையே தலைமுறை தலைமுறையாகப் பிழைப்பாக்கிவைத்த டோம் சமூகத்தினரில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? ஒருவர் தொட்டால் புரட்சி, இன்னொருவர் தொட்டால் குலத்தொழில்!

புதுச்சேரிப் பள்ளி 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியானது. 1964இல் கோரிமேட்டில் ஜிப்மர் ஆனது. அறுவை மருத்துவத்துக்குப் பணமும் புகழும் வந்தன. உடனே ஆபரேஷன் தியேட்டரில் தீட்டு காணாமல் போனது. பிணவறையில் மட்டும் போகவில்லை. நாடெங்கும் அங்கே உடலை அறுத்துத் தைப்பவர்கள் பெரும்பாலும் தலித் தொழிலாளர்களே.

சரி, படித்து மேலே வரலாமே என்பார்கள். டெல்லி எய்ம்ஸில் பட்டியலின, பழங்குடி மாணவர்கள் பகைமைக்கு அஞ்சி விடுதியில் தனித்தனியாக ஒதுங்கி வாழ்ந்ததைத் தோரட் குழு 2007இல் ஆவணப்படுத்தியது. உயர்சிறப்பு மருத்துவப் படிப்புச் சேர்க்கையில் இடஒதுக்கீடு கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1999இல் சொன்னது. 2013இல் உயர்சிறப்புப் பேராசிரியர் பணியிடங்களுக்கும் அதையே சொன்னது. ஏணியின் கீழ்ப்படிகளில் நமக்கு இடம் உண்டு. மேலே போகப் போகப் படிகள் உருவப்படுகின்றன.

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி புதுச்சேரியில் பட்டியலின மக்கள் ஏறத்தாழ 16 சதவீதம். ஆறு பேருக்கு ஒருவர் என்று வையுங்கள். நம்மூரின் புகழ்பெற்ற சர்ஜன்களில் ஆறில் ஒருவர் சேரியிலிருந்து வந்தவரா?

பாராட்டுப் பேனர் கட்டுங்கள், தோழர்களே. கட்டிய கையோடு, நம்மூர் அரசு மருத்துவக் கல்லூரிகளின் எலும்பியல் துறைகளில் பட்டியலினத்தவருக்கான ஆசிரியர் பணியிடங்கள் எத்தனை, நிரப்பியவை எத்தனை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவும் போடுங்கள். அந்தக் கணக்கு நேரான பிறகு ‘நம்மூர் டாக்டர்’ என்று சேர்ந்தே சொல்வோம்.