முத்துப்பழனி செய்த குற்றம் என்ன?

நடுவர் அவர்களே! என்னவோ நாங்கள் ஆபாசத்துக்கு வக்காலத்து வாங்க வந்தவங்க மாதிரியே இவ்வளவு நேரமா எங்களை முறைச்சுப் பார்த்துக்கிட்டிருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு)

"கலைக்கு அளவுகோல் அழகா, ஒழுக்கமா" என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன்னாலே பேசிய எதிரணி நண்பர் டால்ஸ்டாயைக் கூப்பிட்டுக்கிட்டு வந்தார். மக்களை நல்வழிப்படுத்தாத கலை கலையே இல்லை என்று டால்ஸ்டாயே சொல்லிட்டார், அப்புறம் பேச்சென்ன என்று கேட்டார். சொன்னது உண்மைதான். 1898-லே வெளிவந்த 'கலை என்றால் என்ன' என்ற புத்தகத்திலே அவர் அப்படித்தான் எழுதினார். ஆனா நண்பர் பாதியிலே நிறுத்திட்டார். அந்த அளவுகோலை வைத்து அளந்தபோது பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி தேறலே. அது போகட்டும். அவர் எழுதின 'போரும் அமைதியும்' நாவலும் தேறலே! தன் படைப்புகளிலே இரண்டே இரண்டு சின்னக் கதைகளைத்தான் நல்ல கலை என்று ஒப்புக்கொண்டு, மிச்சத்தையெல்லாம் கெட்ட கலைப் பக்கம் தள்ளினார். தன் பிள்ளையையே வீட்டை விட்டு அனுப்புகிற அளவுகோலை, ஐயா, ஊரார் பிள்ளைக்கு எப்படி வைக்கிறது? (கைதட்டல்)

ரஷ்யா வரைக்கும் போகவேண்டாம். நம்ம தஞ்சாவூருக்கு வாங்க.

தஞ்சையை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மன் ஆண்ட காலம், 1739 முதல் 1763 வரை. அந்த அவையிலே முத்துப்பழனி என்றொரு பெண் இருந்தாள். கணிகையர் குலம். இசை தெரியும், நாட்டியம் தெரியும், வடமொழி தெரியும். அந்த அவையிலே அன்றைக்குக் காவிய மொழி தெலுங்கு. அந்தத் தெலுங்கிலே 'ராதிகா சாந்த்வனம்' என்று ஒரு காவியம் எழுதினாள். ராதையைச் சமாதானப்படுத்துதல் என்று பொருள். கதை இதுதான். இளா என்ற சின்னப்பெண்ணை வளர்த்து ஆளாக்கி, தானே கண்ணனுக்குக் கட்டிக்கொடுக்கிறாள் ராதை. புதுப்பெண்ணுக்குப் புத்தி சொல்கிறாள், மாப்பிள்ளைக்கும் புத்தி சொல்கிறாள். எல்லாம் சொல்லிட்டு, அவங்க இரண்டு பேரும் சந்தோஷமா இருக்கிறதைப் பார்த்ததும் தாங்க முடியாமல் துடிக்கிறாள். கடைசியிலே கண்ணன் வந்து ஆற்றவேண்டியிருக்குது. கொடுத்தவளும் அவளே, பறிகொடுத்தவளும் அவளே. ஒரு பெண்மனசுக்குள்ளே போய் உட்கார்ந்தால்தான் இதை எழுதமுடியும். சிருங்காரம் இருக்கிறது, ஒளிக்காமல் இருக்கிறது. ஆசையை முதலில் சொல்பவளும் பெண்ணாக இருக்கிறாள்.

ஏறக்குறைய நூற்றைம்பது வருஷம் யாருக்கும் உறுத்தலே. அப்புறம் வந்தார் கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலு. நண்பர்களே, அவரை நான் குறைச்சுப் பேசமாட்டேன். 1881-லேயே ராஜமுந்திரியிலே விதவை மறுமணம் நடத்தி வைத்து, ஊர் எதிர்ப்பை ஒண்டியாளா வாங்கிக் கட்டிக்கிட்ட மகான். அந்த மகான்தான் தெலுங்குக் கவிஞர் வரலாறு எழுதும்போது முத்துப்பழனியிடம் வந்ததும் பேனாவைக் கத்தியாக்கிட்டார். இவள் நடத்தை கெட்டவள். பெண்கள் காதாலே கேட்கக்கூடாததைப் பெண்ணே வாயாலே சொல்லியிருக்கிறாள் என்ற பொருள்படத் தீர்ப்பு எழுதினார்.

இங்கே கொஞ்சம் நில்லுங்க. அதே நூற்றாண்டுகளிலே அதே தெலுங்கிலே ஆண்கள் எழுதின சிருங்காரம் கொஞ்சமா நஞ்சமா? க்ஷேத்ரய்யா பதங்களை இன்றைக்கும் சபையிலே பாடுகிறோம், தலையாட்டுகிறோம். அங்கேயெல்லாம் பாட்டைப் பார்த்தார்கள். முத்துப்பழனியிடம் வந்ததும் பாட்டை விட்டுட்டு ஆளைப் பார்த்தார்கள். ஒழுக்க அளவுகோல் கவிதையை அளந்ததா, கவிதை எழுதினவளோட பிறப்பை அளந்ததா?

1887-லே அந்தக் காவியம் ஒரு தடவை அச்சாகியிருந்தது. அதிலே சில பாட்டுகள் இல்லை. அதோடு இன்னொன்றும் இல்லை: கவிஞர் தன்னைப்பற்றிச் சொல்லிக்கொண்ட முன்பகுதி. என் பாட்டி இன்னார், என் தாய் இன்னார், புலவர்களுக்கு நான் பரிசு கொடுத்திருக்கிறேன், எனக்குக் காவியங்கள் காணிக்கையாக வந்திருக்கின்றன என்று அவள் நிமிர்ந்து நின்று பேசின பகுதி. அதிலே என்னங்க ஆபாசம்? பாட்டி பேரைச் சொல்றது ஆபாசமா? (பலத்த கைதட்டல்)

இந்த அநியாயத்தைக் கண்டுபிடிச்சது யார் தெரியுமா? ஒரு பேராசிரியர் இல்லை, பண்டிதர் இல்லை. பெங்களூர் நாகரத்தினம்மாள். 1878-லே நஞ்சன்கூட்டிலே பிறந்து, சென்னைக்கு வந்து பாட்டாலே பேரெடுத்த தேவதாசி. புத்தகத்தை ஆசை ஆசையாய்ப் படிக்கிறார்; அச்சுப் பிரதியிலே ஏதோ குறையுதே என்று சந்தேகம். ஏட்டுப் பிரதியைத் தேடிப் பிடிக்கிறார், இரண்டையும் ஒப்பிடுகிறார். விட்டுப்போனதையெல்லாம் சேர்த்து, தானே முன்னுரை எழுதி, 1910-லே வாவிள்ள பதிப்பகத்தார் மூலமாக வெளியிடுகிறார். நம்ம பக்கத்திலே உ.வே.சா. ஏடு ஏடாகத் தேடினாரே, அதே வேலை. ஒரு வித்தியாசம், இந்தப் பதிப்பாசிரியருக்குச் சால்வை கிடைக்கவில்லை.

முன்னுரையிலே வீரேசலிங்கத்தை நேருக்கு நேர் கேட்கிறார். அவர் அப்போது உயிரோடு இருக்கிறார், ஆந்திர தேசமே கும்பிடுகிற பெரியவர். அவரைப் பார்த்து ஒரு பாடகி கேட்கிறார்: வெட்கம் என்பது பெண்ணுக்கு மட்டும் உரியதா, ஆணுக்குக் கிடையாதா? இதைவிடப் பச்சையாக ஆண்கள் எழுதினதைப் பாடமாகவே வைக்கிறீர்களே, அது எப்படி? அதற்கு இலக்கியத்திலே பதில் வரலைங்க. போலீசிலே வந்தது. (சிரிப்பு)

பத்திரிகைக் கூச்சல், புகார். அரசாங்க மொழிபெயர்ப்பாளர் படித்துப் பார்த்து ஆபாசம் என்று அறிக்கை கொடுத்தார். 1911-லே வெள்ளைக்கார சர்க்கார் பிரதிகளைக் கைப்பற்ற ஆரம்பித்தது. பதிப்பகத்தார் மனுப் போட்டார்கள், பலிக்கலே. 1927-லே மறுபடி ஒரு பறிமுதல். விக்டோரியா மகாராணி காலத்து வெட்கத்தைக் கப்பலிலே கொண்டுவந்து நம்ம ஊர்ச் சந்தையிலே விற்றார்கள். நாமும் வாங்கிக் கட்டிக்கிட்டோம். ஒரு விஷயம் சொல்றேன், நடுவர் ரசிப்பார். வீரமாமுனிவர் 1730-லே திருக்குறளை லத்தீனில் பெயர்த்தபோது அறத்துப்பாலும் பொருட்பாலும் போதும் என்று நிறுத்திக்கொண்டார். காமத்துப்பால் இங்கிலீஷிலே முழுசாக வர 1886-லே ஜி.யு.போப் வரவேண்டியிருந்தது. வள்ளுவருக்கே அந்தக் கதி என்றால் முத்துப்பழனி எம்மாத்திரம்!

எதிரணித் தலைவர் எழுந்து கேட்பார், எனக்குத் தெரியும்: அப்படின்னா தேவதாசி முறையை ஒழிச்சது தப்பா என்று. தப்பே இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையிலே போராடினது நியாயம். அந்தக் குலத்திலேயே துன்பப்பட்ட மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936-லே நாவலாக எழுதிக் கதறினது நியாயம். விவரம் தெரியாத சிறுமிக்குப் பொட்டுக்கட்டுவது அநீதி. 1947-லே சட்டம் அதைத் தடுத்தது. நாகரத்தினம்மாள் அந்தச் சட்ட முயற்சியை எதிர்த்து மனுக் கொடுத்தவர்தான், அதிலே நான் அவர் கட்சி இல்லை. ஆனால் சிறுமியைக் காப்பாற்றுவதற்கு எதற்குக் காவியத்தைக் கைது பண்ணவேண்டும்? சிறுமிக்கு நடந்தது செயல், அதைச் சட்டம் அளக்கட்டும். காவியம் ஒரு சொல்லாட்சி. இரண்டையும் ஒரே தராசிலே போட்டதுதான் நான் சொல்ற கோளாறு. அதே தராசு சதிராட்டத்தையும் விடலே. பேரை மாற்றி, மேடையை மாற்றி, சிருங்காரத்தைக் குறைத்து பக்தியைக் கூட்டிய பிறகுதான் கௌரவமான குடும்பத்துப் பெண் ஆடலாம் என்றாச்சு. அதை எதிர்த்து, சிருங்காரம்தான் அபிநயத்துக்கு உயிர் என்று வாழ்நாள் முழுக்க வாதாடினவர் பாலசரஸ்வதி.

மணி அடிக்கிறாங்க, ஒரு நிமிஷம், முடிச்சிடறேன்.

எந்த அம்மாளை ஆபாசப் புத்தகம் போட்டவள் என்றார்களோ, அந்த அம்மாள் என்ன பண்ணினார்? திருவையாற்றிலே தியாகராஜ சுவாமிகளின் சமாதி கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, தன் சொத்தையும் நகையையும் போட்டு நிலம் வாங்கிக் கோயில் கட்டினார். 1925-லே கும்பாபிஷேகம். கட்டி முடித்ததும் ஆராதனையிலே பெண்களுக்குப் பாட இடமில்லை என்றார்கள்! தான் கட்டின கோயிலிலே தனக்கு இடமில்லை. அழுதுக்கிட்டு உட்காரலைங்க அந்த அம்மாள். பெண்களைத் திரட்டிக்கொண்டு சமாதிக்குப் பின்பக்கமே உட்கார்ந்து பாடினார். பொம்பளைக் கட்சி என்று பேர் வந்தது. 1940 வாக்கிலே கட்சிகளெல்லாம் ஒன்றாகி, ஆணும் பெண்ணும் சேர்ந்து ஒரே ஆராதனை என்றாச்சு.

புத்தகத்துக்கும் விடிஞ்சது. பிரகாசம் பந்துலு சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது தடை நீங்கியது. 1952-லே வாவிள்ள மறுபதிப்புப் போட்டது. நாகரத்தினம்மாள் காலமானதும் அதே 1952 மே மாதம்தான். அவர் சமாதி தியாகராஜர் சமாதிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அடுத்த தை மாதம் ஆராதனைக்குப் போகிற எதிரணி நண்பர்கள் அந்தப் பக்கமும் இரண்டடி நடந்து பார்த்துட்டு வாங்க. (நீண்ட கைதட்டல்)