கோயிலும் கிளர்ச்சியும்

லிந்துலைத் தேயிலைத் தோட்டங்களில் லயங்களை அடுத்து மாரியம்மன் கோயில்கள் உள்ளன. அடிமை வரலாற்றில் இறைவழிபாடு கிளர்ச்சிக்கு வித்திட்டதுண்டு. இம்மலைநாட்டில் அது பெருங்கிளர்ச்சியாக மூளாதது ஏன்?

ஜமெய்க்காவில் சாமுவேல் ஷார்ப் என்னும் அடிமை பாப்டிஸ்ட் சபையில் போதனை செய்துவந்தார். அடிமைகள் தாமே நடத்திய பிரார்த்தனைக் கூட்டங்களில், 1831 கிறிஸ்துமஸுக்குப் பின் கூலியின்றி உழைப்பதில்லை என்று உறுதி பூண்டனர். வேலைநிறுத்தம் தீவைப்பாகவும் போராகவும் மாறிற்று. ஷார்ப் உள்ளிட்ட 300க்கும் மேற்பட்டோர் மரண தண்டனை அடைந்தனர். 1833ல் பிரிட்டன் அடிமை ஒழிப்புச் சட்டம் இயற்றியது. அச்சட்டம் விலக்கி வைத்த இலங்கையில் அடிமைமுறை 1844ல் நீங்கிற்று.

ஆயினும் தோட்டங்களுக்கு வந்த தமிழரைக் கங்காணியிடம் பட்ட கடனும், அது தீராமல் தோட்டம் மாறவொட்டாத துண்டு முறையும் பிணித்தன. துண்டு முறை 1921ல்தான் தடைசெய்யப்பட்டது. திருவிழா லயத்து மக்களை ஒன்றுகூட்டியது உண்மையே. ஆனால் விழாவில் முதல் மரியாதை பெரும்பாலும் பெரிய கங்காணிக்கே. கடன் கொடுத்தவர் முன்னிலையில் கடன்பட்டோர் குறை பேசுவது எங்ஙனம்?

தொழிலாளருக்கெனத் தனிக் கூட்டம் 1931ல் நடேசய்யர் அமைத்த தொழிற்சங்கத்தால் வாய்த்தது. 1940 ஜனவரியில், முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸார் சுட்டுக் கோவிந்தன் மாண்டார். நம்பிக்கை மட்டும் கிளர்ச்சியை உண்டாக்குவதில்லை; மக்கள் கூடும் இடம் எவர் கையில் உள்ளதோ, அதுவே அதனைத் தீர்மானிக்கிறது.