கணினி துயிலெழும் வரலாறு

பொறிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் அவை ஆற்றும் அருஞ்செயல்களையே பெரும்பாலும் விரித்துரைப்பர். அவை எவ்வாறு துயில் நீங்கி எழுகின்றன என்பதை ஆராய்வோர் சிலரே. பொறி எழ மறுத்துக் கிடக்கும்போதுதான் அவ்வினா நம்முன் வந்து நிற்கின்றது. கணினியின் பழைய பணிசெயல் முறைமையை நீக்கிப் புதியதொன்றை நிறுவ முயன்று, அம்முயற்சி இடையில் முறிந்துபோக, பணிசெயல் முறைமை காணப்படவில்லை என்னும் ஒற்றை வரியைக் கரிய திரையிற் கண்டு திகைத்தோர் நம்மிடையே பலர். 2022 மார்ச்சு இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நீண்டது. நிறுவுகை நடக்கையில் மின்சாரம் அறுந்துவிடுமோ என அனைவரும் அஞ்சிய காலம் அது. பின்னர் 2025 ஒக்டோபர் 14ஆம் நாள் விண்டோஸ் 10 முறைமைக்குரிய பொது ஆதரவு முடிவெய்தியமை மறுநிறுவுகைக்குப் புதியதொரு காரணம் ஆயிற்று.

மன்னார்த் தீவிலும் அதன் எதிர்க்கரையிலும் இவ்விடர் வெறும் பொறியிடர் அன்று. போரினால் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தோரும், 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டுப் பின்னர் மீண்ட முஸ்லிம் மக்களும் வாழும் நிலம் இது. காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் குடும்பப் படமும் கைவிட்டுப் போதல் யாதென்பதை இம்மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அரிதின் தேடிச் சேர்த்த தாள்களையெல்லாம் படியெடுத்து ஒரே வன்தட்டில் வைத்திருக்கும் குடும்பத்திற்கு, அக்கணினி எழாதிருத்தல் மீண்டுமோர் இழப்பாகவே தோன்றும். அந்நிலையில் அழிந்தது யாது, அழியாது நிற்பது யாது எனப் பகுத்தறிதல் முதற்கடன். அப்பகுப்பினைக் கற்பிப்பது கணினித் தொடக்கத்தின் வரலாறு.

முதற்சிக்கல்

கணினி தானாக ஒன்றையும் அறியாது. அதற்கு ஆணைத்தொடர் வேண்டும். அவ்வாணைத்தொடரைத் தட்டிலிருந்து நினைவகத்திற்குக் கொணரவும் மற்றோர் ஆணைத்தொடர் வேண்டும். அங்ஙனமாயின் முதலாவது ஆணையைக் கொணர்வது யாது? நம் தோட்டங்களில் நீரிறைக்கும் பொறியைக் கையாள்வோர் இச்சிக்கலை நன்கறிவர். வறண்டு கிடக்கும் பொறி கிணற்றுநீரை இழுக்காது. முதலிற் சிறிது நீரை நாமே வார்த்தல் வேண்டும். அவ்வாறு வார்த்த நீரே பின்வரும் நீரையெல்லாம் ஈர்க்கத் துணையாகின்றது. ஆங்கிலேயர் இதனையே, ஒருவன் தன் சப்பாத்தின் வாரைத் தானே பற்றித் தன்னை மேலே தூக்கிக்கொள்வதற்கு ஒப்பிட்டனர். கணினியைத் தொடக்குதற்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயர் அவ்வுவமையின் குறுக்கமே.

1946இல் அமெரிக்காவில் வெளியுலகிற்குக் காட்டப்பட்ட எனியாக் என்னும் பொறியில் வேலை மாறுந்தோறும் கம்பிகளை மாற்றிச் செருகி ஆளிகளைத் திருப்ப வேண்டியிருந்தது. 1949 மே 6ஆம் நாள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் தன் முதற்கணிப்பைச் செய்த எட்சாக் என்னும் பொறியோ சிக்கலை அழகுற அவிழ்த்தது. தேவிட் வீலர் என்பார் அதற்காக 31 ஆணைகளை வகுத்தார். தொலைபேசி நிலையங்களிற் பயன்பட்ட சுழலாளிகளிலே அவை நிலையாகப் பதிக்கப்பட்டிருந்தன. தொடக்கப் பொத்தானை அழுத்தியதும் அவை நினைவகத்திற்குச் சென்று, துளையிட்ட தாள்நாடாவிலிருந்து ஏனைய ஆணைகளை வாசித்துக் கொணர்ந்தன. பொறிக்கு மனிதன் வார்த்துவைத்த முதல் நீர் அதுவே எனலாம்.

ஆயினும் இவ்வசதி எல்லாப் பொறிக்கும் உடனே கிட்டவில்லை. 1965இல் வந்த பி.டி.பி. 8 என்னும் சிறுகணினியிலும், 1975இல் ஆர்வலர் உள்ளங்கவர்ந்த அல்ற்றயர் 8800 என்னும் பொறியிலும், முகப்பு ஆளிகளை மேலுங் கீழுமாகத் தட்டித் தொடக்க ஆணைகளைக் கையாலேயே ஊட்டும் வழக்கம் இருந்தது. ஓர் ஆளி பிழைத்தால் முழுமுயற்சியும் பிழைத்தது. வாசிப்பு மாத்திர நினைவகம் மலிந்த பின்னரே அத்தொல்லை நீங்கிற்று.

கைமாறும் பொறுப்பு

1981 ஓகஸ்டு 12ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டது. அதன் தாய்ப்பலகையிலிருந்த பயோஸ் என்னும் நிலைத்த ஆணைத்தொடர் முதலில் உறுப்புகளைச் சோதிக்கும். பின்னர்த் தட்டின் முதற்கூறாகிய 512 பைற்றுகளை மட்டும் வாசித்து, பொறுப்பை அதனிடம் ஒப்படைத்து ஒதுங்கும். 1983இல் வன்தட்டுக்கு இடமளித்த இரண்டாம் பதிப்பு டொஸ் முறைமையோடு அம்முதற்கூறு திட்டமானதோர் அமைப்பைப் பெற்றது. 446 பைற்று தொடக்க ஆணைகளுக்கும், 64 பைற்று தட்டின் பிரிவுகளைக் குறிக்கும் அட்டவணைக்கும், 2 பைற்று அடையாளக் குறிக்கும் உரியனவாயின. ஒரு நூலகத்திற்கு நிகரான செல்வத்தைத் தாங்கும் தட்டின் வாயில், ஒரு சிறு பத்தியினும் சுருங்கிய இவ்வெழுத்திலே தங்கியிருந்தது.

தட்டுகள் பெருகப் பெருக இவ்வமைப்பு போதாதாயிற்று. அதன் அட்டவணையால் 2 டெராபைற்றுக்கு அப்பாற்பட்ட இடத்தை முறையாகச் சுட்ட இயலவில்லை. 1990களின் பிற்பகுதியில் இன்ரெல் நிறுவனம் தொடக்கிய புதிய முயற்சி, 2005இல் பல நிறுவனங்கள் கூடிய மன்றத்தின் பொறுப்பில் யு.இ.எப்.ஐ. என்னும் பெயரோடு வளர்ந்தது. இம்முறையில் தொடக்க ஆணைகள் தனிப் பிரிவொன்றிற் கோப்புகளாக வைக்கப்படுகின்றன. பிரிவட்டவணையின் படியொன்று தட்டின் இறுதியிலும் காக்கப்படுகின்றது. முதலேடு கெட்டால் மறுபடி உதவும் என்னும் இம்முன்னெச்சரிக்கை, பழைய இழப்புகள் கற்பித்த பாடம் போலும்.

ஆகவே இன்றைய கணினி எழுதல் ஒருவர் செயலன்று. அது கைமாறிச் செல்லும் பொறுப்பு. நிலைத்த ஆணைத்தொடர் தட்டைக் கண்டறிகின்றது. தட்டு தொடக்கியைக் காட்டுகின்றது. தொடக்கி பணிசெயல் முறைமையின் கருவை நினைவகத்தில் ஏற்றுகின்றது. கருவே ஏனையவற்றை எழுப்புகின்றது. இவற்றில் ஒரு கை நழுவினாலும் திரை கரியதாகவே நிற்கும்.

பாதையும் பொருளும்

மறுநிறுவுகை தொடுவது இச்சங்கிலியின் நடுக்கண்ணிகளையே. பழைய தொடக்கியை நீக்கிப் புதியதை எழுதும் இடைவேளையில் மின்சாரம் அறுந்தால் தட்டில் வாயில் இல்லை. பழைய முறையில் அமைந்த தட்டைப் புதிய முறையில் மட்டும் தேடுமாறு தாய்ப்பலகை அமைந்திருந்தால், வாயில் இருந்தும் காணப்படுவதில்லை. தொடக்க வரிசை மாறியிருந்தால் பொறி வேறோர் உறுப்பினைத் தட்டிப் பார்த்து வாளாவிருக்கும். இவை யாவற்றிலும் கெட்டது பாதை, பொருள் அன்று.

இதனை மன்னார் மக்கள் தம் வரலாற்றிலேயே கண்டனர். 1990இல் தீவையும் பெருநிலத்தையும் இணைத்த பாலம் தகர்க்கப்பட்டது. 1914இல் தொடங்கிய தலைமன்னார்ப் புகையிரதப் பாதையும் அவ்வாண்டில் ஓய்ந்தது. அதனால் தீவு கடலில் மூழ்கிவிடவில்லை. பள்ளிமுனைப் பெருக்கமரம் நின்ற இடத்திலேயே நின்றது. வழியே இல்லாதொழிந்தது. 2010 மார்ச்சில் புதிய பாலம் திறக்கப்பட்டது. மதவாச்சியிலிருந்து புகையிரதம் 2013 மேயில் மடு வீதி வரையும், 2015 மார்ச்சு 14ஆம் நாள் தலைமன்னார் இறங்குதுறை வரையும் மீண்டது. கண்ணி கண்ணியாக, முன்னது உறுதியான பின்னரே அடுத்தது என்னும் ஒழுங்கிலே அப்பாதை உயிர்பெற்றது.

கணினியைச் சீர்செய்வோனும் அவ்வொழுங்கையே கைக்கொள்ளல் வேண்டும். பதற்றத்தில் மீண்டும் மீண்டும் நிறுவ முயல்பவன், பாலம் போயிற்றென்று தீவையே உழுபவனை ஒப்பான். ஒவ்வொரு முயற்சியும் பழைய கோப்புகள் கிடந்த இடத்தின்மேல் புதியவற்றை எழுதிவிடக்கூடும். முதலில் தாய்ப்பலகையின் அமைப்புத் திரையில் வன்தட்டின் பெயர் தோன்றுகின்றதா எனக் காண்க. தோன்றாவிடின் பழுது தட்டிலோ அதன் இணைப்பிலோ இருக்கலாம். மென்பொருளைப் பழித்துப் பயனில்லை. தோன்றுமாயின் தொடக்க வரிசையையும் பழைய முறை, புதிய முறை என்னும் வேறுபாட்டையும் ஒப்புநோக்குக. அதன்பின் வெளிக்கருவி ஒன்றிலிருந்து வேறொரு முறைமையை இயக்கி, தட்டில் எதுவும் எழுதாது அதனை வாசித்துப் பார்க்க. 2000இல் வெளிவந்த நொப்பிக்ஸ், நிறுவாமலே இறுவட்டிலிருந்து இயங்கும் லினக்ஸ் முறைமையைப் பலரறியச் செய்தது. இன்று உபுண்டு முதலியவை விரல்நீளக் கருவியிலிருந்தே அப்பணியைச் செய்கின்றன. கோப்புகள் கண்ணுக்குத் தெரிந்தால் அவற்றை வேறு தட்டிற்குப் படியெடுத்த பின்னரே தொடக்கியைத் திருத்துக. மறுநிறுவுகை இறுதி வழியாகவே அமைக.

எல்லா இழப்பும் மீளும் எனக் கூறுதல் மெய்யன்று. பிரிவுகளையே நீக்கியிருந்தால் மீட்பு அரிதாகும். எனினும் பழைய காந்தத் தட்டில் மேலெழுதப்படாத பகுதிகளை மீட்பு மென்பொருள்கள் பலவேளை கண்டெடுக்கின்றன. திண்மநிலைத் தட்டிலோ நீக்கப்பட்ட இடத்தைத் தட்டே விரைந்து துடைத்துவிடக் கூடுமாதலின் காலந்தாழ்த்தல் தீது. மறைகுறியிட்டுப் பூட்டப்பட்ட தட்டுக்கு அதன் மீட்புத் திறவெண் இன்றியமையாதது. அதனைக் குறித்துவைக்காதவன் தன் வீட்டு வாயிலில் தானே அந்நியன் ஆவான்.

வீலர் வகுத்த 31 ஆணைகளிலிருந்து இன்றுவரை தொடக்கத்தின் இயல்பு மாறவில்லை. எவ்வளவு பெரிய பொறியும் சிறியதொரு முதற்சொல்லைக் கேட்டே எழுகின்றது. அச்சொல் அழிந்தால் மீள எழுதலாம். ஒரு தாயின் ஒரே படத்தை எவராலும் மீள எழுத முடியாது. ஆதலின் மாணவர்கள் நிறுவுகையைத் தொடங்குமுன் இரண்டாவது படியொன்றை எடுத்து, அதனை வேறோரிடத்தில் வைத்தல் வேண்டும். ஒருமுறை யாவற்றையும் இழந்து மீண்ட கரையில் வாழும் நமக்கு இது பிறர் சொல்லிக் கற்கவேண்டிய பாடம் அன்று.